கட்டோடு போதல்

ஐந்து பெட்டிகள் வரைந்தேன்,
கோவையில், ஏசி அறையில், ஒரு வெள்ளிக்கிழமை.
விவசாயி. தரகர். மண்டி. மொத்த வியாபாரி. வாங்குபவர்.
நடுவே நான்கு அம்புகள்.
எல்லாம் வலப்பக்கமே பார்த்தன
பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல.

மூலனூருக்கு அதைக் கொண்டுபோன அன்று
முருங்கை கிலோ நான்கு ரூபாய்.
பறிகூலிக்கே கட்டாதென்று
பாதித் தோட்டங்களில் காயை மரத்திலேயே விட்டிருந்தார்கள்.
முற்றிய காய்கள் காற்றில்
ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.

சங்கக் கட்டடத்தில் உரமூட்டைகளைத் தள்ளி
இடம் ஒதுக்கித் தந்தார்கள்.
என்னிடம் நாற்பத்திரண்டு கேள்விகள்.
பொங்கியண்ணன் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றினார்.
"போன வருசம் ஒருத்தரு வந்தாருங்க,
அதுக்கு முந்தி ரெண்டு பேரு.
எல்லாருக்கும் ஒரே பதிலத்தான் சொன்னோம்.
வெலதான் ஒவ்வொருக்காவும் வேற."

கழிவைப் பற்றிப் பேச்சு வந்தது.
பத்துக் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ கழிவு.
தரகர் வீட்டுப் பையன் சென்னியப்பன் எழுந்தான்:
"அத நாங்க திங்கறதில்லைங்க,
ராத்திரிக் காத்து குடிச்சிருது."
"அப்பக் காத்துகிட்டயும் ஒரு படிவம் குடுங்க"
யாரோ பின்னாலிருந்து சொல்ல
கட்டடமே சிரித்தது.
சிரிப்பு அடங்கியபின் யாரும் பேசவில்லை.

வாசற்படியில் நின்றிருந்த ரங்காத்தாள்
உள்ளே வரவில்லை. சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டி,
"நான் எந்தப் பொட்டியில இருக்கறனுங்க?"

தேடினேன்.
முதல் பெட்டிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெள்ளைத்தாள்.
அந்த வெள்ளைக்குள்தான்
விடியற்காலை நாலு மணி,
நெற்றியில் கட்டிய டார்ச்சு, தொரட்டி,
கழுத்தில் விழும் கம்பளிப்பூச்சி,
நீளம் பார்த்து அடுக்கிக் கயிறு இழுக்கும் கை.
"கட்டுக் கட்டறது நானு.
எங்கட்டு ஒட்டஞ்சத்திரத்துல
என்ன எடை நின்னுச்சுன்னு
இதுவரைக்கும் ஆரும் சொன்னதில்ல."

நாற்பத்தொரு கேள்விகளை அங்கேயே அடித்தேன்.
ஒன்று மிஞ்சியது: வழியில் எவ்வளவு போகிறது,
காற்றுக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?

இருபது கட்டுகள் என்று முடிவாயிற்று.
பத்து, எப்போதும் போல.
பத்து, ஈரச்சாக்குச் சுற்றி.
இருபதிலும் சிவப்புநூல்.
தோட்டத்து வரப்பில் ஒரு எடை,
லாரி ஏறும்போது ஒன்று, மண்டியில் ஒன்று.
சாக்கு நனைந்தால் காய் கறுத்துவிடும் என்றார் ஒருவர்.
கறுத்தால் அதையும் எழுதுவோம் என்றேன்.
நட்டம் யார் தலையில் என்றார் அவரே.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
திட்டத்தின் தலையில் என்று மறுநாள்தான் சேர்த்தேன்.

எழுதுவது யார்?
எங்கள் மாணவர் என்று வாயெடுத்தேன்.
"நம்பரு எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.
துணைக்குத் துளசிமணியும் வருவாளாம்.
சென்னியப்பன் பொங்கியண்ணனைப் பார்த்தான்.
பொங்கியண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.
கடைசியில் லாரி டிரைவர்தான் சொன்னார்,
முன்சீட்டில் இடம் இருக்கிறதென்று.

அன்றிரவு வரவு செலவைத் திருத்தினேன்.
நிறைவுக் கருத்தரங்கு, பேனர், நினைவுப் பரிசு: நீக்கம்.
தராசு இரண்டு, சாக்கு பத்து,
இரண்டு பேருக்கு இராக்கூலி: சேர்ப்பு.
'எதிர்பார்க்கும் முடிவு' என்றொரு கட்டம்.
வெறுமையாக விட்டேன்.
கணினி ஏற்கவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது.

இப்போது மணி ஒன்பதரை.
தூரத்துக் காற்றாலைகளில் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன.
முதல் கட்டு தராசில் ஏறுகிறது.
பத்து இருநூற்று நாற்பது,
பத்து இருநூற்று முப்பது,
மறுபடி நாற்பது.
நான் பேனாவை நீட்டுகிறேன்.
"இருங்க, காத்து நிக்கட்டும்" என்று
ரங்காத்தாள் குந்தி உட்கார்ந்து
முந்தானையை விரித்துத் தராசுக்கு மறைப்புக் கட்டுகிறாள்.
லாரி ஹாரன் அடிக்கிறது.
அவள் திரும்பவில்லை.
எண் இன்னும் நிற்கவில்லை.